ருஷ்யத் தொழிலாளியின் இதயம்: 1990களின் சாவுக் கணக்கு பற்றிச் சில குறிப்புகள்

1991 டிசம்பரில் சோவியத் யூனியன் கலைக்கப்பட்டபோது நாங்கள் எதையெல்லாம் விவாதித்தோம் என்று இப்போது நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஸ்டாலினா ட்ராட்ஸ்கியா, தனியொரு நாட்டில் சோசலிசம் சாத்தியமா, கட்சியும் வர்க்கமும் ஒன்றா, கிராம்சியை முன்னாடியே படித்திருந்தால் தப்பித்திருக்கலாமா என்றெல்லாம் மாடி அறையில் ராத்திரி இரண்டு மணி வரைக்கும் டீயும் பீடியுமாகப் பேசியிருக்கிறோம். அந்த விவாதங்களைக் குறை சொல்லவில்லை, அவற்றில் பல இன்றைக்கும் தேவையானவை. ஆனால் நாங்கள் பேசிக்கொண்டிருந்த அதே ராத்திரிகளில், எந்த வர்க்கத்தின் பேரால் பேசினோமோ அந்த வர்க்கத்து ஆண்கள் நாற்பது வயதிலும் ஐம்பது வயதிலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்து விழுந்துகொண்டிருந்தார்கள் என்பது எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றோமா என்றால் அதுவும் இல்லை. முன்னேற்றப் பதிப்பகத்தின் வழவழப்பான தாளில் ருஷ்யத் தொழிலாளியைப் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். புத்தகம் வருவது நின்றதும் அந்தத் தொழிலாளியும் எங்கள் கண்ணிலிருந்து மறைந்துவிட்டான்.

முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன். 1990இல் ருஷ்ய ஆணின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு 63.8 வருஷம். 1994இல் அது 57.7. பெண்களுக்கு 74.4இலிருந்து 71.2. நாலே வருஷத்தில் ஆண்களின் ஆயுளில் ஆறு வருஷம் காலி. போர் இல்லை (செச்சன்யாவுக்குள் படை நுழைந்தது 1994 டிசம்பரில்தான்). பஞ்சம் இல்லை. தொண்டை அடைப்பான் திரும்ப வந்தது, காசநோய் கூடியது, வாஸ்தவம்தான். ஆனால் தொற்றுநோய்கள் அத்தனையையும் கூட்டினாலும் இந்த வீழ்ச்சியில் அவற்றின் பங்கு 6 சதவீதத்துக்கும் குறைவு. ஃபிரான்சிஸ் நோட்ஸன் முதலான அமெரிக்க, ருஷ்ய ஆய்வாளர்கள் சேர்ந்து 1998இல் வெளியிட்ட கணக்கு இது. இதய நோயும் பக்கவாதமும் ஒரு பக்கம், விபத்து, கொலை, தற்கொலை முதலான காயச் சாவுகள் இன்னொரு பக்கம். இந்த இரண்டும் சேர்ந்து 65 சதவீதம். வீழ்ச்சியில் முக்கால் பங்குக்கு மேல் 25 முதல் 64 வயதுக்குட்பட்டவர்களின் சாவிலிருந்து வந்தது. 1992 முதல் 2001 வரையான பத்து வருஷத்தில், 1991இன் இறப்பு விகிதமே நீடித்திருந்தால் செத்திருக்க வேண்டியவர்களைவிட 25 முதல் 30 லட்சம் பேர் கூடுதலாக நடுவயதில் செத்தார்கள் என்று 2003இல் இன்னொரு ஆய்வு சொன்னது. ஒரு பெரிய யுத்தத்தின் கணக்கு இது. ஆனால் நினைவுச் சின்னம் எதுவும் எழும்பவில்லை. எதற்கு எழுப்புவார்கள்? சான்றிதழில் இதய நோய் என்றல்லவா எழுதியிருக்கிறது!

சுகர், பிரஷர், ஹார்ட்டு எல்லாம் பணக்கார வியாதி என்கிற நினைப்பு நம்மிடம் இன்னும் இருக்கிறது. காலரா, காசநோய் என்றால் வறுமை. மாரடைப்பு என்றால் நெய்யும் கறியும் தின்று கொழுத்த உடம்பு. இந்தப் பிரிவினையை முதலில் உடைத்தது ருஷ்யா அல்ல, லண்டன். 1967இல் தொடங்கி பிரிட்டிஷ் அரசு அலுவலகங்களில் வேலை செய்த சுமார் 18,000 ஆண்களை வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள் (வைட்ஹால் ஆய்வு என்று பேர்). எல்லாருக்கும் வேலை உண்டு, சம்பளம் உண்டு, இலவச மருத்துவம் உண்டு. அப்படியிருந்தும் கடைநிலை ஊழியர்கள் இதய நோயில் செத்த விகிதம் மேலதிகாரிகளுடையதைவிட மூன்று மடங்குக்கு மேல். மேனேஜருக்குத்தான் டென்ஷன், பியூனுக்கு என்ன கவலை என்று நாம் சொல்வோமே, அது சுத்தமாகத் தலைகீழானது. சிகரெட்டு, இரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசத்தில் பெரும்பகுதி அப்படியே நின்றது. 1985இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில் மைக்கேல் மார்மட்டும் அவருடன் வேலை செய்தவர்களும் இன்னொன்றையும் கண்டார்கள். தன் வேலையை எப்படி, எப்போது செய்வது என்று தீர்மானிக்கிற உரிமை யாருக்குக் குறைவோ அவர்களுக்கு இதய நோய் அதிகம். அன்னியமாதல் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதினோம். அது இரத்தக் குழாய்க்குள் என்ன செய்யும் என்று ஒரு வரிகூட எழுதியதில்லை.

ருஷ்யாவுக்கு வருவோம். எண்ணியதில்தான் தப்பு என்று சிலர் சொன்னார்கள். ஒரு அரசு இடிந்து விழும்போது பதிவேடும் சேர்ந்துதான் விழும் என்கிற சந்தேகம் நியாயமானதே. டேவிட் லியோன், விளாடிமிர் ஷ்கோல்னிகோவ் முதலானோர் 1997இல் இதைச் சோதித்தார்கள். பதிவேடு கெட்டிருந்தால் புற்றுநோய்ச் சாவுகளிலும் அந்தக் குழப்பம் தெரிய வேண்டும். தெரியவில்லை. புற்றுநோய்க் கோடு ஏறத்தாழ நேராகவே போகிறது. இதயம், காயம், மது சார்ந்த சாவுகளின் கோடுகள்தான் ஏறுகின்றன. சரி, கொழுப்பு கூடியதா? சைபீரியாவின் நொவோசிபிர்ஸ்க் நகரில் உலக சுகாதார நிறுவனத்தின் திட்டத்தின் கீழ் எண்பதுகளிலிருந்தே இரத்தத்தைச் சோதித்து வந்தார்கள். அங்கே கொழுப்பின் அளவு கூடவில்லை. சாப்பாட்டுக்கே வழியில்லாமல் செத்தார்களா? அப்படியானால் குழந்தைகளும் கிழவிகளும் முதலில் போயிருக்க வேண்டும். சேமிப்பு மொத்தத்தையும் இழந்த ஓய்வூதியக்காரர்களைவிட, வேலை செய்கிற வயதிலிருந்த, அதிகம் படிக்காத ஆண்களே அதிகமாகச் செத்தார்கள். பல்கலைக்கழகம் வரை படித்தவர்களின் சாவு அந்த அளவுக்கு ஏறவில்லை. சாவு வர்க்கம் பார்த்துத்தான் வந்தது.

அந்த வருஷங்களில் நடந்தது நமக்குத் தெரிந்ததுதான். 1992 ஜனவரி 2ஆம் தேதி யெகோர் கைதாரின் அரசாங்கக் குழு விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது. அந்த ஒரே வருஷத்தில் விலைகள் ஏறத்தாழ 26 மடங்கு ஏறின. சவ அடக்கத்துக்கென்று சேர்த்த பணம் ரொட்டி வாங்கக்கூடப் போதவில்லை. அக்டோபரிலிருந்து ஆளுக்கு ஒரு வவுச்சர், முகமதிப்பு 10,000 ரூபிள். நாட்டின் தொழிற்சாலைகளில் உனக்குரிய பங்கு இதுதான், எடுத்துக்கொள் என்றார்கள். 1994 நடுவுக்குள் 15,000க்கு மேற்பட்ட நடுத்தர, பெரிய நிறுவனங்கள் கைமாறின. வவுச்சரை வோட்காவுக்கு விற்றவர்கள் உண்டு. சம்பளம் மாதக்கணக்கில் நிலுவை. சில ஆலைகளில் செய்கிற சரக்கையே சம்பளமாகக் கொடுத்தார்கள், அதை ரோட்டோரத்தில் வைத்து விற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோவியத் தொழிற்சாலை என்பது சம்பளம் கொடுக்கிற இடம் மட்டும் இல்லை. குடியிருப்பு, குழந்தைகள் காப்பகம், மருத்துவ மனை, கோடை விடுதி, குளிர்காலத்தில் வீட்டுக்கு வருகிற வெந்நீர்க் குழாய் வரைக்கும் அதன் பொறுப்பு. ஒரே ஆலையை நம்பி எழுந்த ஊர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. மோனோகொரோத், ஒற்றைத் தொழில் நகரம், என்று அவர்கள் மொழியில் பேர். ஆலை நின்றால் ஊர் நின்றது. வேறு ஊருக்குப் போகலாமே என்று கேட்பது சுலபம். வீட்டை யாரிடம் விற்றுவிட்டு, எந்த வேலைக்கு?

வோட்காவைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. இடதுசாரி நண்பர்கள் பலர் வோட்கா என்றதும் முகம் சுளிக்கிறார்கள். பாதிக்கப்பட்டவன் மேலேயே பழியைப் போடுகிறாய் என்கிறார்கள். போடவில்லை. 1985 மே மாதம் கோர்பச்சேவ் மதுவுக்கு எதிரான இயக்கத்தைத் தொடங்கினார். கடைகளை மூடினார்கள், விலையை ஏற்றினார்கள், திராட்சைத் தோட்டங்களை வெட்டிச் சாய்த்தார்கள். ஜனங்கள் அவரைச் சபித்தார்கள். ஆனால் 1984இல் 62கூட இல்லாத ஆண்களின் ஆயுள் 1987இல் ஏறத்தாழ 65 ஆனது. இயக்கம் தளர்ந்ததும் ஆயுள் இறங்கத் தொடங்கியது. 1992க்குப் பிறகு சரிந்தது. குறைந்தபோது எந்தெந்தச் சாவுகள் குறைந்தனவோ, ஏறியபோது அதே சாவுகள்தான் ஏறின. மாஸ்கோவில் இதயச் சாவுகளைக் கிழமை வாரியாகப் பிரித்தபோது சனி, ஞாயிறு, திங்களில் அவை கூடுவது தெரிந்தது. கொழுப்புக்குக் கிழமை தெரியாது. அளவில்லாமல் ஒரே மூச்சில் குடிக்கிற குடி இதயத் துடிப்பின் தாளத்தைக் குலைத்துச் சட்டென்று ஆளைச் சாய்க்கும். இஷேவ்ஸ்க் நகரில் 25 முதல் 54 வயதுக்குள் செத்த ஆண்களைப் பற்றி 2007இல் வந்த ஆய்வு, அந்தச் சாவுகளில் 43 சதவீதத்துக்கு அபாயகரமான குடியே காரணம் என்றது. குடித்தது வோட்கா மட்டும் இல்லை, ஓதெகொலோன் என்கிற வாசனைத் தண்ணீரும் மருந்துக்கடைச் சாராயமும்தான். தாவித் சாரித்சே குழுவினர் தோம்ஸ்க், பர்னவுல், பீஸ்க் என்கிற மூன்று சைபீரிய நகரங்களில் சுமார் 49,000 சாவுகளை எடுத்துக்கொண்டு குடும்பத்தாரிடம் விசாரித்தார்கள். சான்றிதழில் இதய நோய் என்று இருந்ததில் கணிசமானது உண்மையில் மதுச் சாவு என்று 2009இல் எழுதினார்கள். மரணச் சான்றிதழும் ஒரு பிரதிதான். யார் எழுதுகிறார், எதை எழுதினால் குடும்பத்துக்கு அவமானம், எதை எழுதினால் யாருக்கும் தொந்தரவில்லை என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது.

ஆக, வோட்காதான் கொன்றது, சீர்திருத்தம் அல்ல என்று முடித்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். எனக்கு இந்த வாதம் பிடிபடவே இல்லை. 1992இல் மது விற்பனையில் அரசின் ஏகபோகத்தை ஒழித்தது எது? அதே சீர்திருத்தம்தானே! ரொட்டியும் கறியும் எட்டாத விலைக்குப் போனபோது அவற்றோடு ஒப்பிட்டால் வோட்கா மலிவானது. வேலையின் அர்த்தத்தைப் பிடுங்கியதும் பாட்டிலைக் கையில் கொடுத்ததும் ஒரே கொள்கை. (நம் ஊரில் 2003இலிருந்து அரசே கடையைத் திறந்து உட்கார்ந்திருக்கிறது என்பதால், அரசு ஏகபோகம் என்றாலே நல்லது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம்.)

கோவையில் எனக்குத் தெரிந்த ஒரு தோழர் 1996இல் செத்தார். பஞ்சாலைத் தொழிலாளி, சங்கத்தில் முன்னணியில் நின்றவர், வயசு ஐம்பதுகூட ஆகவில்லை. மில்லை மூடி இரண்டு வருஷம் ஆகியிருந்தது, கிராஜுவிட்டி வரவில்லை. நான் போனபோது எல்லாம் முடிந்துவிட்டது. என்னக்கா ஆச்சு என்றேன். "நெஞ்சு கரிக்குதுன்னாருங்க, சோடா வாங்கியாரச் சொன்னாருங்க, வர்றதுக்குள்ள அவ்வளவுதானுங்க" என்றார் அவர் மனைவி. வாசலில் நின்ற சொந்தக்காரர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "குடிச்சான், செத்தான், வேறென்ன" என்றார். முன்பெல்லாம் சம்பளத்தன்றைக்கு மட்டும் குடிக்கிறவர், மில்லை மூடிய பிறகு தினமும். மனைவி சொன்னதும் உண்மை, சொந்தக்காரர் சொன்னதும் உண்மை. அந்த மில் கேட்டில் தொங்கிய பூட்டைப் பற்றி இருவருமே பேசவில்லை. நானும் பேசவில்லை. கட்சிக் கொடியைப் போர்த்திவிட்டு வந்தேன்.

2009இல் டேவிட் ஸ்டக்ளர், லாரன்ஸ் கிங், மார்ட்டின் மெக்கீ மூவரும் லான்செட் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை இந்தப் பூட்டைப் பற்றியது. முன்னாள் சோசலிச நாடுகளை ஒப்பிட்டு, மொத்தமாக ஒரே வீச்சில் தனியார்மயமாக்கிய நாடுகளில் வேலை வயது ஆண்களின் சாவு 12.8 சதவீதம் கூடியது என்றார்கள். அதிர்ச்சி வைத்தியத்தின் ஆலோசகர் ஜெஃப்ரி சாக்ஸ் மறுத்து எழுதினார். அதே தரவுகளை வேறு விதமாகக் கணக்கிட்டால் இந்தத் தொடர்பு மறைகிறது என்று வேறு சிலர் வாதாடினார்கள். நாடுகளை நாடுகளோடு ஒப்பிடுவதில் இந்தச் சிக்கல் தீராது. அதனால் அடுத்த சுற்றில் ஊர்களை எடுத்துக்கொண்டார்கள். ருஷ்யாவின் ஒற்றைத் தொழில் நகரங்களில் சீக்கிரம் தனியார்மயமான ஊர்கள், மெதுவாக ஆனவை என்று பிரித்து, வீடு வீடாகப் போய், உங்கள் அப்பா எப்போது செத்தார், அண்ணன் எப்போது, புருஷன் எப்போது என்று கேட்டார்கள். 2017இல் வந்த முடிவு: 1992-98இல் வேகமாகக் கைமாறிய ஊர்களில் ஆண்களின் சாவு விகிதம் மற்ற ஊர்களைவிட 13 சதவீதம் அதிகம். அடுத்த எட்டு வருஷத்திலும் அது குறையவில்லை.

2009 கட்டுரையில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் உண்டு. தொழிற்சங்கம், தேவாலயம், விளையாட்டுக் குழு என்று ஏதாவதொரு அமைப்பில் மக்களில் 45 சதவீதத்துக்கு மேல் உறுப்பினராக இருந்த நாடுகளில் தனியார்மயத்தின் இந்தத் தீங்கு புள்ளிவிவர அளவில் தென்படவில்லை. இதை அமைப்பு வேலையின் மகிமை என்று எடுத்துக்கொண்டு கைதட்டிவிடலாம்தான். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. என் தோழருக்குச் சங்கம் இருந்தது. நான் இருந்தேன்.

நம் வாதத்துக்கு இடைஞ்சலான நாடுகளையும் சொல்லியாக வேண்டும். போலந்தில் 1990 ஜனவரியில் அதிர்ச்சி வைத்தியம் தொடங்கியது. விலை ஏறியது, வேலை போனது. ஆனால் அதுவரை ஏறிக்கொண்டிருந்த இதயச் சாவு 1991க்குப் பிறகு மளமளவென்று இறங்கியது. வெண்ணெய், பன்றிக் கொழுப்பு இவற்றுக்கான மானியம் போய் ஜனங்கள் தாவர எண்ணெய்க்கு மாறியதே காரணம் என்று வித்தோல்ட் சாதோன்ஸ்கி எழுதினார். சந்தையும் நல்லது செய்யும் போலிருக்கிறதே என்று எனக்கே ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் விலைகளை அவிழ்த்துவிட்ட அதே போலந்து, பெரிய ஆலைகளை ருஷ்யா மாதிரி இரண்டு வருஷத்தில் வவுச்சருக்கு வாரி இறைக்கவில்லை. தொழிலாளிகள் எதிர்த்தார்கள், இழுத்தடித்தார்கள். மொத்தத் தனியார்மயத் திட்டம் 1995 வரைக்கும் தள்ளிப்போனது.

க்யூபா இன்னும் விசித்திரம். சோவியத் எண்ணெய் நின்றதும் 1991இலிருந்து 95 வரை அங்கே அரைவயிறுதான். பஸ் இல்லை, பத்து லட்சம் சைக்கிளுக்கு மேல் விநியோகித்தார்கள். சராசரியாக ஆளுக்கு ஐந்தரை கிலோ எடை இறங்கியது. விளைவு, சில வருஷம் கழித்து, 1997க்கும் 2002க்கும் இடையில் இதய நோய்ச் சாவு சுமார் 35 சதவீதம் குறைந்தது. பசி நல்லது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அதே பசியில் 1992-93இல் 50,000 பேருக்கு மேல் நரம்பு கெட்டது. உடம்பு பழையபடி எடை போட்டதும் சர்க்கரை நோய் திரும்பி வந்தது. அமெரிக்காவிலும் 1970களில் ஹார்வி ப்ரென்னர் வேலையின்மை கூடினால் இதயச் சாவு கூடும் என்றார். 2000இல் கிறிஸ்டோபர் ரூம், மந்த காலத்தில் இதயச் சாவு உள்பட மொத்தச் சாவே குறைகிறது என்று காட்டினார். பொருளாதாரம் விழுந்தால் இதயம் நிற்கும் என்று நேர்க்கோடு போட முடியாது என்பதைத்தான் இதெல்லாம் சொல்கிறது. க்யூபாவில் சோறு குறைந்தது, ஆனால் ரேஷன் அட்டையும் தெரு டாக்டரும் இருந்தார்கள், நாளைக்கு நான் யார் என்கிற கேள்வி பெரும்பாலோருக்கு வரவில்லை. ருஷ்யாவில் அந்தக் கேள்வி ஒரே இரவில் வந்தது. 1897இலேயே தற்கொலை பற்றி எழுதிய துர்கைம், நெருக்கடியில் மட்டுமில்லை, திடீர் செழிப்பிலும் தற்கொலை கூடுகிறது என்றார். அவர் பார்த்தது வறுமையை விட, வாழ்க்கையின் கட்டு அவிழ்வதை. நாம் அவரைப் பூர்ஷ்வா சமூகவியல் என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கிவைத்தோம். 1845இல் இங்கிலாந்துத் தொழிலாளர் நிலைமையைச் சமூகக் கொலை என்று சொன்ன எங்கெல்ஸை மேற்கோள் காட்டிய கையோடு ஒதுக்கினோம் என்பதுதான் வேடிக்கை.

சோவியத் காலத்தைப் பொற்காலமாக்கவும் நான் வரவில்லை. அங்கே ஆண்களின் ஆயுள் 1960களின் நடுவிலிருந்தே தேங்கி இறங்கிக்கொண்டிருந்தது. எழுபதுகளின் நடுவில் அந்த அரசு இறப்புப் புள்ளிவிவரங்களை வெளியிடுவதையே நிறுத்தியது. ஆனால் எண்ணுவதை நிறுத்தவில்லை. பூட்டி வைத்த கணக்குகள் கோர்பச்சேவ் காலத்தில் வெளியே வந்ததால்தான் மேலே சொன்ன அத்தனை ஆய்வும் சாத்தியமானது. ஒவ்வொரு சாவுக்கும் ஒரு டாக்டர் கையெழுத்திட்ட காரணம் அங்கே இருந்தது. தப்பான காரணமாக இருந்தாலும் திருத்திப் படிப்பதற்கு ஒரு பிரதி இருந்தது.

நமக்கு அதுவும் இல்லை. இந்தியாவில் பதிவாகிற சாவுகளில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளிப்பது 2020இல்கூட 22.5 சதவீதம்தான். தமிழ்நாடு பரவாயில்லை என்பார்கள், அதுவும் பாதியைத் தொடவில்லை. 1982 பம்பாய் ஜவுளி வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் பேர் இறங்கினார்கள். திரும்ப மில்லுக்குள் போக முடியாதவர்களில் எத்தனை பேர் எந்த வயதில், எதனால் செத்தார்கள் என்று ஒரு ஷ்கோல்னிகோவ் உட்கார்ந்து கணக்குப் போட நினைத்தாலும் அதற்கான தாள் கிடையாது. தொண்ணூறுகளில் கோவையில் ஒன்றன்பின் ஒன்றாக மில்கள் மூடியபோது செத்தவர்களுக்கும் இதே கதைதான். எங்கள் சங்க அலுவலகத்தில் மூடிய மில்களின் பட்டியல் இருந்தது, வழக்கு எண்கள் இருந்தன, நிலுவைத் தொகை ஆள் வாரியாக இருந்தது. செத்தவர் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு, வாரிசுதாரர் பெயரை எழுதுவோம். தேதியோ வயதோ எழுதியதில்லை.

போன வருஷம் அந்த அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். ருஷ்யாவில் வீடு வீடாகக் கேட்ட அதே கேள்விகளைக் கேட்டேன். உங்க லைன் வீட்டுல அந்த மில்லுல வேலை பார்த்தவங்க யார் யார் இருந்தாங்க, எப்ப போனாங்க? விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போனார். "எல்லாம் நெஞ்சு வலிதானுங்க" என்றார். பேனாவை எடுத்து, பெயர், வயசு, வருஷம் என்று மூன்று கட்டம் போட்டு எழுத ஆரம்பித்தேன்.